ஒப்புவித்தலும் உரைத்தலும்

சென்ற தை மாதத்தில் விழுப்புரத்தில் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். மாலையில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை மேடையேற்றி ஒலிபெருக்கியின் முன் நிறுத்தினார்கள். பஞ்ச நமஸ்காரத்தில் தொடங்கி, தீர்த்தங்கரர் இருபத்து நால்வரின் திருநாமங்களையும், தமிழ் மாதங்களையும், ஆங்கிலத்தில் கிழமைகளையும் அவள் ஒரு சொல் பிறழாமல் ஒப்புவித்தாள். கூடியிருந்தோர் அனைவரும் கைதட்டினோம். பெற்றோர் முகத்தில் பெருமிதம் பொங்கியது.

அரைமணி நேரம் சென்றிருக்கும். அதே குழந்தை உணவுக்கூடத்தின் பக்கமிருந்து விம்மியபடி ஓடிவந்தாள். "என்னடி ஆச்சு? யாரு அடிச்சா? கீழ விழுந்துட்டியா? பசிக்குதா? வாயத் தொறந்து சொல்லேன்!" என்று தாய் மூச்சு விடாமல் கேள்விகளை அடுக்கினாள். குழந்தை, "அது... அங்க... அது வந்து..." என்று மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் அழுகையில் முடித்தாள். "மேடையில அவ்ளோ பேசினவளுக்கு இப்ப வாய் வரலியா? எல்லாம் பிடிவாதம்" என்றார் அருகிலிருந்த பெரியவர் ஒருவர். இரவு உடை மாற்றும்போதுதான் தெரிந்தது. யாரோ ஒரு சிறுவன் கதவைச் சாத்தியபோது அவளுடைய சுட்டுவிரல் இடுக்கில் அகப்பட்டு, நகம் கறுத்துப் போயிருந்தது. நான்கு மணி நேரம் அந்த வலியைச் சொல்லத் தெரியாமல் பாவாடை மடிப்புக்குள் கையை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. ஆசிரியப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில், இக்குறையில் என் போன்றோருக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நான் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலத்தில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என மொழித்திறன் நான்கு என்று கற்பித்தார்கள். பாடக்குறிப்பேட்டில் நான்கிற்கும் இடம் விட்டுத்தான் கோடு கிழிப்போம். ஆனால் 'பேசுதல்' என்ற இடத்தில் நாங்கள் எல்லோரும் எழுதியது ஒரே வாக்கியம்தான்: 'மாணவர் ஆசிரியரைப் பின்பற்றிச் சொல்வர்.' பின்பற்றிச் சொல்லுதல் வேறு, தானே சொல்லுதல் வேறு என்பதை எவரும் எங்களுக்குப் பிரித்துக் காட்டவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது. செவி வழியே வந்த செல்வம் நம் இனத்தின் உடைமை. குழந்தையின் நாவுக்கும் நினைவுக்கும் அது நல்ல பயிற்சி. ஆயினும் ஒப்புவிக்கும் குழந்தை பிறர் கோத்த மாலையைத் தாங்கி நிற்கிறது. தன் பசியை, வலியை, அச்சத்தை, தான் கண்ட ஓணானைப் பற்றிச் சொல்லும் குழந்தைதான் தானே பூப்பறித்துத் தொடுக்கிறது.

இவ்வுண்மையை நமக்கு முன்பே எடுத்துரைத்தவர் நம் பவணந்தி முனிவர். சீயகங்கன் வேண்டுகோளுக்கு இணங்க, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவர் இயற்றிய நன்னூலை இலக்கணத் தேர்வுக்குரிய நூலாக மட்டுமே பலரும் அறிவர். அதன் பொதுப்பாயிரத்தில் கற்கும் முறையைப் பற்றிய ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செம்மையாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வோரோடு கலந்து பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்குத் தானே எடுத்துச் சொல்வதால் வருவது. கேட்டதற்குக் கால், சொன்னதற்கு அரை! வளர்ந்த மாணாக்கர்க்கு அவர் கூறியது இது. தவழும் பருவத்திலிருந்தே இது பொருந்தும் என்பது என் அனுபவம்.

குழந்தை பேசுவதற்கு முன்பே புரிந்துகொள்கிறது. 'விளக்கு எங்கே?' என்றால் ஒரு வயதுக்கு முன்பே அண்ணாந்து பார்க்கும். ஓராண்டு நிறையும் பருவத்தை ஒட்டி முதற்சொல் வரும். இரண்டு வயதை எட்டும்போது 'அம்மா வா', 'பால் வேணாம்' என இரு சொற்களை இணைக்கும். மூன்றில் சிறு வாக்கியம் அமையும். நான்கில் நடந்த ஒன்றை அரைகுறையாகவேனும் சொல்லத் தொடங்கும். ஓரிரு திங்கள் முன்பின்னாக அமைவது இயல்பு. அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு மனம் புழுங்க வேண்டியதில்லை. புரிதலுக்கும் பேச்சுக்கும் இடையே உள்ள தொலைவைக் குழந்தை கடக்க நாம் செய்யும் உதவி எத்தகையது என்பதே கேள்வி.

நம் வீடுகளில் இப்போது நடப்பது என்ன? 'இது என்ன? ஆப்பிள். அது என்ன? பால். காக்கா எங்கே? மூக்கு எங்கே?' எல்லாம் பெயர்ச்சொற்கள். எல்லாம் தேர்வு வினாக்கள். வினவுபவருக்கு விடை முன்பே தெரியும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆங்கிலச் சொல்லைக் கற்பிப்பதில் எனக்கு வருத்தமில்லை. இரு மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தை குழம்பிப் போகும் என்ற அச்சத்திற்கு ஆதாரமில்லை என்றே மொழியறிஞர் கூறுகின்றனர். என் வருத்தம் வேறு. 'வாட்டர்', 'பால்', 'கம்', 'சிட்' என்று ஒற்றைச் சொற்களாகப் பேசப் பழகிய பெற்றோர், தமிழில் முழு வாக்கியம் பேசுவதையே நிறுத்திவிடுகின்றனர்.

தமிழின் உயிர் வினைச்சொல்லில் இருக்கிறது. யார் செய்தார், எப்போது செய்தார், ஒருவரா பலரா, உயர்திணையா அஃறிணையா என்பதையெல்லாம் ஒரு வினைமுற்று தாங்கி நிற்கும். மேலும் ஒன்றைக் கவனியுங்கள். 'தம்ளர் உடைஞ்சுது' என்று ஒரு குழந்தை சொல்கிறது. 'தம்ளரை உடைச்சேன்' என்று இன்னொன்று சொல்கிறது. வினையின் நடுவே ஒரு மெய்யெழுத்து மாறியிருக்கிறது. ஆனால் முன்னதில் தானாக நிகழ்ந்த நிகழ்ச்சி, பின்னதில் ஒப்புக்கொண்ட குற்றம். விழுந்தேன், விழவைத்தான், நனைந்தது, நனைத்தாள், ஓடினேன், ஓட்டினார்கள். இலக்கணத்தில் தன்வினை, பிறவினை என்று மேல் வகுப்பில் நாம் நடத்துவதைக் குழந்தை மூன்று வயதிலேயே சமையலறைத் தரையில் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன குழந்தைக்கு அன்று தேவைப்பட்டது 'அந்த அண்ணன் கதவைச் சாத்தினான், என் விரல் மாட்டிக்கிச்சு' என்ற இரண்டே வினைகள். ஆப்பிளும் பந்தும் அவளுக்கு அங்கே உதவவில்லை.

வினைச்சொல் படம் காட்டிக் கற்பிக்கக் கூடியதன்று. செய்யும்போதே சொன்னால்தான் ஒட்டும். பருப்பு கழுவும்போது 'தண்ணி ஊத்தறேன், கையால அலசறேன், அழுக்குத் தண்ணிய வடிக்கறேன்' என்று தாய் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். விடை எதிர்பார்க்க வேண்டாம்.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு அப்போது இரண்டரை வயது. சொற்கள் இருந்தன, வாக்கியம் இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குப் பயணிகள் ரயிலில் அவனை அழைத்துச் சென்றேன். நாற்பது கிலோமீட்டர் கூட இராத தொலைவு. பேருந்தில் ஏறியிருக்கலாம். ஆனால் ரயிலில் சன்னலோரம் கிடைக்கும், நின்று நின்று செல்லும். முண்டியம்பாக்கம் நெருங்கியபோது சர்க்கரை ஆலையின் நெடி மூக்கைத் துளைத்தது. அவன் மூக்கைச் சுளித்து, "பாட்டி, நாத்தம்" என்றான்.

வேறொரு நாளாயிருந்தால், 'என்ன நாத்தம்? எங்கிருந்து வருது? சொல்லு பாக்கலாம்' என்று ஆசிரியை ஆகியிருப்பேன். அன்று, "ஆமாம்டா கண்ணு, நாத்தம் அடிக்குது. ஆலையில கரும்பு காய்ச்சறாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வாய் மூடிக்கொண்டேன். விக்கிரவாண்டி போயிற்று. அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பேரணியில் வண்டி நின்றபோது திரும்பி, "கரும்பு காச்சறாங்க. நாத்தம் அடிக்குது" என்றான். எதிர் இருக்கையிலிருந்த அம்மாள், ஆலையை எங்கோ விட்டு வந்த பிறகு இவன் ஏதோ உளறுகிறான் என்று நினைத்திருப்பார். எனக்கோ, அவன் வாயிலிருந்து வந்த முதல் கோவையான பேச்சு அது. மயிலம் தாண்டித் திண்டிவனம் சேர்வதற்குள் அதை நான்கு முறை சொன்னான். நானும் நான்கு முறையும் புதிதாகக் கேட்பவளைப் போலவே கேட்டேன்.

இதில் நான் செய்தவை மூன்று. அவன் கவனித்ததைப் பற்றியே பேசினேன், என் விருப்பத்திற்கு இழுக்கவில்லை. அவனுடைய ஒற்றைச் சொல்லை வாக்கியமாக நீட்டித் திருப்பிக் கொடுத்தேன். பிறகு காத்திருந்தேன். மூன்றாவதுதான் கடினம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளை ஆராய்ந்தபோது, வினா எழுப்பிய ஆசிரியர் விடைக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடியே என்று கண்டார். அதை மூன்று நொடியாக்கியவுடன் விடைகள் நீண்டன, வாய் திறவாத பிள்ளைகளும் பேசினர். மூன்று நொடி என்பது எவ்வளவு நீளமானது என்பதைச் சும்மா இருந்து பார்த்தால்தான் விளங்கும். விட்டல் நாயக்கன்பட்டி வேண்டாம், உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே முயன்று பாருங்கள். 1988-இல் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் நியூயார்க் மாநிலத்தில் நடத்தி வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. இரு பிரிவுப் பெற்றோரும் ஒரு திங்கள் தம் சிறு குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்டினர். ஒரு பிரிவினர், படத்தைப் பற்றிக் குழந்தையையே சொல்லவிட்டு, அது சொன்னதை நீட்டித்து வாசித்தனர். அப்பிரிவுக் குழந்தைகளின் வெளிப்பாட்டுத் திறனே மேலோங்கி நின்றது.

பேச்சைத் திருத்தும் ஆர்வத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'பூனை வந்துச்சு' என்று சொல்லும் குழந்தையை 'வந்தது என்று சொல்' என மறிக்கும் வழக்கம் படித்த குடும்பங்களில் மிகுதி. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வெவ்வேறாக இருக்கும் நம் மொழியில், வீட்டு வழக்கே குழந்தையின் முதல் உரிமை. பூனையைச் சொல்ல வந்த குழந்தையின் பூனை அத்துடன் ஓடிவிடும். 'ரயிலு'க்கு 'லயிலு' என்றாலும் அவ்வாறே. ரகரமும் றகரமும் ழகரமும் பிந்தி வருபவை. நாம் சரியாக ஒலித்துத் திருப்பிச் சொன்னால் போதும். எழுத்து வழக்கு கதை கேட்பதாலும் பள்ளிப் பாடத்தாலும் தானே வந்து சேரும். திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி அவர்கள் தாய்த்தமிழ்ப் பள்ளி தொடங்கி நடத்தியதன் அடிப்படையும் குழந்தை தன் வாய்மொழியிலேயே சிந்திக்கவும் பேசவும் வேண்டும் என்பதுதான்.

பேசவிடாமல் போனால் என்ன ஆகும் என்பதை நம் மாவட்டம் அண்மையில் கண்ணாரக் கண்டது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், கீழ் வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் திறந்தன. ஏறத்தாழ பத்தொன்பது திங்கள். அதற்குச் சில நாள்களுக்கு முன், அக்டோபர் 27 அன்று, 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் தொடங்கி வைத்தது நம் மரக்காணம் அருகேயுள்ள முதலியார்குப்பத்தில். மாலை ஐந்து மணிக்கும் ஏழு மணிக்கும் இடையே, தன்னார்வலர் ஒருவர் இருபது பிள்ளைகளுக்கு மேற்படாமல் அமர்த்தி, ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் கற்பிக்கும் ஏற்பாடு அது. ஓய்வு பெற்றவளுக்கு வேறு வேலை என்ன? எங்கள் தெருவில் நடந்த வகுப்பின் ஓரத்தில் நானும் போய் அமர்ந்தேன்.

முதல் வகுப்பறையையே காணாமல் இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். எழுத்து தெரியாதது எனக்கு வியப்பளிக்கவில்லை. 'நேத்து என்ன பண்ணின?' என்று கேட்டால் 'போன் பாத்தேன்' என்பதற்கு மேல் ஒரு வாக்கியமும் வராததே திடுக்கிட வைத்தது. கைபேசி நாள் முழுவதும் பேசியிருக்கிறது, பிள்ளையைப் பேசச் சொல்லவில்லை. அங்கே பாடம் எடுத்தவள் பட்டம் முடித்த பெண், ஆசிரியப் பயிற்சி பெறாதவள். தரையில் பிள்ளைகளோடு சமமாக அமர்ந்து, 'எங்க வீட்டு ஆடு நேத்து என் துப்பட்டாவத் தின்னுடுச்சு' என்று தன் கதையை முதலில் சொன்னாள். உடனே ஒருவன், 'அக்கா, எங்க ஆடு காலண்டரத் தின்னுச்சு!' என்றான். அதன்பின் ஒரு மணி நேரம் ஆடுகள்தான். முப்பத்தைந்து ஆண்டுப் பயிற்சி உள்ள எனக்கு, கேள்வி கேட்காமல் கதையைக் கொடுத்துக் கதையை வாங்கலாம் என்பது அன்று அவளிடமிருந்து கிடைத்த பாடம்.

இனி, நான் மறக்க நினைத்தும் மறக்க இயலாத ஒன்றைச் சொல்கிறேன். 1970-களின் பிற்பகுதியில் திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுத்து வந்தேன். ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களுள் ஒரு சிறுமி வாயே திறக்க மாட்டாள். கேட்டால் விழிப்பாள், அல்லது பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்ப்பாள். நான் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினேன். 'ஊமைக் கொட்டான்' என்று ஒருமுறை சொல்லியும் விட்டேன். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டனர். ஏழு திங்கள் கழிந்தபின் அவளுக்குத் தலைவாரிவிட நேர்ந்தபோது, காதோரம் சீழ் காய்ந்து கிடப்பதைக் கண்டேன். அவளுக்கு அரைகுறையாகவே காது கேட்டிருக்கிறது. முன் வரிசையில் அமர்ந்திருந்தால் பாதியேனும் கேட்டிருக்கும். கடைசி வரிசையில் அதுவும் இல்லை. அப்படி அமர்த்தியவள் நான். மருந்திட்ட பின் சீழ் நின்றது. ஆனால் அடுத்த ஆண்டு அவள் பள்ளிக்கு வரவில்லை.

ஆகையால், இரண்டு வயதாகியும் இரு சொல் இணைக்காத குழந்தை, பின்னாலிருந்து அழைத்தால் திரும்பாத குழந்தை, இருந்த பேச்சையும் இழந்து வரும் குழந்தை ஆகியோர் பால் 'அவங்க அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசினாரு' என்று இருந்துவிடாதீர்கள். நாவில் தேன் தடவும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் வசம்பு உரைத்துப் புகட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உள்ளது. அதனால் பேச்சு வராது, கைக்குழந்தைக்குத் தீங்கும் நேரலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். முதலில் சோதிக்க வேண்டியது காதை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்குத் தொண்டைப் பிரிவை நாடலாம். 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து, செவித்திறன், பேச்சு வளர்ச்சி உள்ளிட்டவற்றைச் சோதிக்கின்றனர். குழு வரும் நாளில் உங்கள் ஐயத்தைக் கூச்சமின்றிச் சொல்லுங்கள். செவித்திறன் இழப்பு மிகுதியாயின், உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை மருத்துவம் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கும். சிறு வயதில் செய்தால்தான் அதற்கு முழுப் பயன் உண்டு.

மற்றவர்களுக்கு ஒரு வசதியை நினைவூட்டுகிறேன். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பது நம் வீட்டு ஒழுக்கம். பிற வீடுகளில் அடுப்படியில் செலவாகும் இரவு முன்னேரம் நம் பெண்களுக்கு மிஞ்சி நிற்கிறது. என் சிறுபருவத்தில் அந்த நேரம் திண்ணைக்கு உரியது. அன்று நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் குழந்தைகளின் முறை வரும்வரை தம் முறையை எடுத்துக்கொள்ள மாட்டார். பிற்பாடு அந்த நேரத்தைத் தொலைக்காட்சித் தொடர் எடுத்துக்கொண்டது, இப்போது கைபேசி. முழுவதையும் மீட்க இயலாவிட்டாலும் கால்மணி நேரத்தை மீட்கலாம். அந்தக் கால்மணியில் தந்தையரும் இருக்க வேண்டும். 'பேச்சு அம்மா பாடு, பள்ளிக் கட்டணம் அப்பா பாடு' என்ற பிரிவினையை நான் ஏற்பதில்லை.

குழந்தை சொல்வதை ஒரு குறிப்பேட்டில் அதன் சொற்களிலேயே, திருத்தாமல், தேதியிட்டு எழுதிவையுங்கள். மறுநாள் அதற்கே வாசித்துக் காட்டுங்கள். தான் சொன்னது தாளில் நிற்பதைக் கண்ட குழந்தை மேலும் சொல்லும். வளர்ச்சி இருக்கிறதா என்பதும் பெற்றோருக்குப் புலப்படும். மருத்துவரிடம் காட்டவும் உதவும். என் பேரனின் குறிப்பேட்டில் கரும்பாலைக்கு அடுத்த பக்கத்தில், பதினொரு நாள் கழித்து, திண்டிவனம் நிலையத்தில் அவன் சொன்னதை எழுதியிருக்கிறேன்: 'ரயிலு போயிடுச்சு. நான் போகல. பாட்டிகூட நின்னேன்.'